வெள்ளைப் பீங்கானில் கறுப்புக் கோடு: அப்பச்சோடாவா, பழப்புளியா, பற்பசையா?

கலியாணம், பெருநாள், திவசம் என்று ஏதாவது வந்தால்தான் அலுமாரியின் மேல்தட்டு வெள்ளைப் பீங்கான்கள் கீழே இறங்கும். இறக்கிப் பார்த்தால் நடுவில் பென்சிலால் கிறுக்கியதுபோலச் சாம்பலும் கறுப்பும் கலந்த கோடுகள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் அசையாது. “கீறல் விழுந்திட்டு” என்று சொல்லி அதைக் கோழிக்குத் தீன் வைக்க ஒதுக்கிவிடுவார்கள்.

ஒதுக்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை கீறலே அல்ல. பீங்கானிலிருந்து எதுவும் குறையவில்லை. அதன்மேல் ஒன்று கூடியிருக்கிறது. கூடியிருப்பது கரண்டியின் உலோகம்.

பீங்கானின் மேல் பளபளப்பாக இருப்பது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு. கைக்கு வழுவழு என்று இருந்தாலும், நுணுக்கமாகப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். அந்தப் பூச்சு சில்வர் கரண்டிக்கு ஏறக்குறையச் சமமான கடினமும், அலுமினியத்தைவிட மிகக் கூடிய கடினமும் கொண்டது. கரண்டி உரசும்போது பூச்சு அரம்போல நின்று உலோகத்தைச் சுரண்டி எடுத்துக்கொள்கிறது. கடதாசியில் பென்சில் எழுதுவதும் இதே கதைதான். எழுதினால் கடதாசி கிழிவதில்லை, பென்சில்தான் தேய்கிறது.

நாம் கையால் சோறு தின்கிறவர்கள், கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிப்பவர்கள் அல்ல. பிறகு எங்கிருந்து இந்தக் கோடு என்று கேட்கலாம். வழி நிறைய உண்டு. சோறு போடும் அலுமினியக் கரண்டியைப் பீங்கானின் ஓரத்தில் தட்டுவது ஒன்று. எருமைத் தயிரில் சீனியைப் போட்டுக் கடைசிச் சொட்டுவரை தேக்கரண்டியால் வழிப்பது இன்னொன்று. மாம்பழத்தையும் கேக்கையும் பீங்கானிலேயே வைத்து வெட்டுகிறோம். தேத்தண்ணிக் கோப்பையின் அடியைப் பாருங்கள்: கரண்டி சுழன்ற தடம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் படிந்திருக்கும். நோன்புக் கஞ்சிக் கோப்பையிலும் அதே வட்டம். எல்லாவற்றையும்விட மோசமானது, இந்தக் கோட்டைப் போக்குகிறோம் என்று கம்பிச் சுருளால் தேய்ப்பது. கம்பியும் உலோகம்தான். ஒரு கோட்டை அழிக்கப்போய் நூறு கோடு போட்டுவிட்டு, “பீங்கான் தரமில்லை” என்போம்.

நகத்தால் தடவிப் பாருங்கள்

எதைப் பூசுவது என்று தீர்மானிக்கமுன் அது படிவா கீறலா என்று தெரிய வேண்டும். சுட்டுவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நீளவாக்கில் இழுத்தால் ஒன்றும் தெரியாது. நகம் தடக்காமல் வழுக்கிப் போனால் உலோகப் படிவு. தடக்கினால் பூச்சு உண்மையாகவே வெட்டுப்பட்டிருக்கிறது.

இடைப்பட்ட நிலையும் உண்டு. நகத்துக்குத் தெரியாத மெல்லிய கீறலுக்குள் உலோகமும் கறியின் மஞ்சளும் போய்க் குந்தியிருக்கும். அப்படியானால் ஈரவிரலில் கொஞ்சம் அப்பச்சோடாவைத் தொட்டு, ஒரு கோட்டை மட்டும் அரை நிமிடம் தேயுங்கள். மங்கினால் வேலை செய்யலாம். உலோகம் போனபின் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைபோல வெள்ளைக் கோடு மிஞ்சலாம். அது கீறல், அப்படியே இருக்கும். வீட்டில் உள்ள எதைப் பூசினாலும் பூச்சு மறுபடி வளராது. இதை ஏற்றுக்கொண்டால் பாதி நேரமும் பாதித் தேய்ப்பும் மிச்சம்.

சிலந்திவலை மாதிரிப் பரவிய பழுப்புக் கோடுகள் வேறு விஷயம். அது பூச்சுக்குள் விழுந்த வெடிப்பு. தேத்தண்ணி அதனூடாக உள்ளே இறங்கி அடிமண்ணில் ஊறியிருக்கும். அப்படிப்பட்ட பீங்கானில் ஈரச் சாப்பாடு வைக்காமல், பிஸ்கற், பழம் வைக்க எடுத்துக்கொள்வது நல்லது.

தெரிவுகளை அளக்க ஓர் அளவுகோல்

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்திய ஓர் அளவுகோலை ஜெர்மன் கனிமவியலாளர் பிரெட்ரிக் மோஸ் 1812இல் தந்தார். மேலே உள்ளது கீழே உள்ளதைக் கீறும், அவ்வளவுதான் விதி. அந்த அளவில் கண்ணாடி ஏறத்தாழ 5.5. பீங்கான் பூச்சு அதை ஒட்டி, 5க்கும் 6க்கும் இடையில். அப்பச்சோடா 2.5, உப்பு 2 முதல் 2.5, முட்டைக்கோது 3. நம் கடற்கரையிலும் முற்றத்திலும் கிடக்கும் மணலில் உள்ள குவாட்ஸ் 7. சிங்கில் தொங்கும் பச்சை நாரில் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும் அலுமினியம் ஒக்சைட் 9.

ஆக, 5க்குக் கீழே உள்ள பொடியால் தேய்த்தால் உலோகம் மட்டும் போகும். 6க்கு மேலே போனால் பூச்சும் போகும். புளிப்புள்ள பொருள்கள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. அவை சுரண்டுவதில்லை, உலோகத்தைச் சிறிது கரைக்கின்றன. அலுமினியமும் இரும்பும் புளிப்புக்குச் சீக்கிரம் இளகும். சில்வரின் மேலே குரோமியம் ஒக்சைட் தோல் இருப்பதால் அது மெதுவாகத்தான் இளகும். எந்தக் கரண்டியின் கோடு என்று ஊகிக்க முடிந்தால், எந்தப் பொருள் கை கொடுக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அப்பச்சோடா

முதல் முயற்சி எப்போதும் இதுவாக இருக்கட்டும். மலிவு, மணமில்லை, பூச்சைக் கீறாது, வாயில் பட்டாலும் பயமில்லை.

3 பங்கு சோடாவுக்கு 1 பங்கு தண்ணீர். ஒரு சாப்பாட்டுப் பீங்கானுக்குத் தேக்கரண்டி ஒன்று போதும். 10 பீங்கான் என்றால் 3 மேசைக்கரண்டி சோடா, 1 மேசைக்கரண்டி தண்ணீர். பற்பசைப் பதத்துக்கு வரவேண்டும். பீங்கானைச் சாய்த்தால் வழியக்கூடாது. முதலில் பீங்கானைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் சோடா கோட்டைத் தொடாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். களியைக் கோடுகளின் மேல் பூசி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, உள்ளங்கையில் பாதியளவு இடத்தைப் பிடித்துச் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். ஓர் இடத்துக்கு 1 அல்லது 2 நிமிடம்.

வேலை நடக்கிறதா என்பதைக் களியே சொல்லும். வெள்ளையாக இருந்தது சாம்பல் நிறமாக மாறிக்கொண்டு வரும். துணியின் நுனியிலும் அதே கறுப்பு. அந்தச் சாம்பல்தான் கரண்டியிலிருந்து வந்த உலோகம். 2 நிமிடம் தேய்த்தும் களி வெள்ளையாகவே இருந்தால், நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பது கீறலை. நிறுத்திவிடலாம்.

பிழைக்கும் இடங்கள் சில. தண்ணீர் கூடினால் சோடா கரைந்துபோகும். கரைந்த சோடாவால் சுரண்ட முடியாது, மணிமணியாக இருந்தால்தான் வேலை. களி காய்ந்த பிறகு தேய்த்தால் தூளாக உதிரும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். கடையில் “சோடா” என்று கேட்டால் மூன்று பொருள் வரலாம். பேக்கிங் பவுடரில் மாப்பொருளும் புளிப்புப் பொடியும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் நுரைத்து அடங்கி மாவாகிவிடும். சலவைச் சோடா காரம் கூடியது. கையைப் புண்ணாக்கும், தங்கக் கரையையும் அலுமினியத்தையும் கெடுக்கும். அப்பம் சுடப் போடுவது எதுவோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் செய்வது. சோடாவைப் பூசி அதன்மேல் வினாகிரி ஊற்றினால் பொங்கும். பொங்குவதைப் பார்த்தால் பெரிய வேலை நடக்கிறதுபோல இருக்கும். உண்மையில் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. மிஞ்சுவது சோடியம் அசற்றேற் கரைந்த தண்ணீர், சுரண்டவும் மாட்டாது, கரைக்கவும் மாட்டாது. இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றை முடித்துக் கழுவிவிட்டு மற்றதைப் பிடியுங்கள்.

விருந்துக்கு முன் 20, 30 பீங்கான் பார்க்க வேண்டியிருந்தால் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டாம். மேசையில் சீலை விரித்து 10 பீங்கானை வரிசையாக வையுங்கள். கடைசிக்குப் பூசி முடிக்கும்போது முதலாவது தேய்க்கத் தயாராக இருக்கும்.

பழப்புளி

வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாம் ‘கிறீம் ஒஃப் ராட்டார்’ என்ற வெள்ளைப் பொடியைச் சொல்லும். அது ராட்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. கேக் சாமான் கடைகளில் சிறு பைக்கற்றாகக் கிடைக்கும். ஆனால் ராட்டாரிக் அமிலமே நிறைய உள்ள பொருள் நம் குசினியில் பானைக்குள் இருக்கிறது. பழப்புளியின் புளிப்பில் பெரும்பங்கு அந்த அமிலம்தான். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் மினுக்கியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சோடாவுக்கு அசையாத தடித்த கறுப்புக் கோடு, அலுமினியக் கரண்டியும் சட்டியும் உரசிய அகன்ற சாம்பல் தீற்றல், இரும்புக் கத்தியின் துருப்பிடித்த கோடு ஆகியவற்றுக்குப் புளிதான் மேல். சில்வர்க் கரண்டியின் மெல்லிய கோட்டுக்குச் சோடாவே விரைவு.

தேசிக்காயளவு புளி, 2 மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீர், 10 நிமிட ஊறல். பிசைந்து, துணியில் வடித்துத் தடித்த கரைசலாக எடுங்கள். வடிப்பதை விடவே கூடாது. கடைப்புளியில் கொட்டை ஓடும் நாரும் மட்டுமல்ல, மணலும் இருக்கும். மணல் 7, பூச்சு 6க்குள். ஒரு மணி போதும் புதுக் கீறலுக்கு. கரைசலைப் பூசி 15 முதல் 20 நிமிடம் விட்டு, ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவித் துணியால் தேயுங்கள். உப்பு கரையக் கரையத் தேய்ப்பும் மென்மையாகும். பூச்சுக்கு அதனால் சேதமில்லை. மீன்குழம்புக்குப் பிழிந்த சக்கையை எறியாமல் வைத்திருந்தால், நாலைந்து கோட்டுக்கு அதுவே காணும்.

இதன் குறைகள்: நேரம் கூட எடுக்கும், கை பிசுபிசுக்கும், மங்கல் பூச்சுள்ள பீங்கானிலும் பீங்கானின் பூச்சில்லாத அடிவளையத்திலும் பழுப்புக் கறை இறங்கும். மங்கல் பூச்சுப் பீங்கான்கள் இப்போது கூடுதலாக வருகின்றன. பார்க்க அழகு, ஆனால் அவற்றின் மேல்தோல் சொரசொரப்பாக இருப்பதால் கரண்டிக் கோடு கூடுதலாக விழும். அவற்றுக்குச் சோடா மட்டும்.

தேசிக்காயும் வினாகிரியும்

பாதித் தேசிக்காயைத் தூள் உப்பில் தொட்டுத் தேய்ப்பது கைக்கு வசதி. பழமே துணி, பழமே அமிலம். புதிதாக விழுந்த அலுமினியக் கோடு 2 நிமிடத்தில் போகும். பழைய கோட்டுக்குக் காணாது, சாறு ஓடிவிடும், புளிபோல ஒட்டி நிற்காது. கல்லுப்பைத் தொடாதீர்கள். உப்பு பூச்சைக் கீறாவிட்டாலும் அதில் கலந்த மணல் கீறும். கையை நன்றாகக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள். தேசிச்சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் எரிந்து கறுத்துப்போகும்.

வினாகிரியை இந்த வேலைக்கு நான் பின்னுக்குத்தான் வைப்பேன். அது தண்ணீர். நட்டமாக நிற்கும் கோப்பைக்குள் ஊற்றிவைக்கலாமே தவிர, தட்டையான பீங்கானில் நில்லாது. துணியை நனைத்துப் போட்டு வைத்தாலும் சில்வர்க் கோட்டை அது அவ்வளவாக அசைக்காது. வினாகிரியின் இடம் வேறு. அது கீழே வருகிறது.

பழைய பீங்கான்களுக்குப் புளிப்பு எதையும் ஊற்றி ஊறவைக்க வேண்டாம். பூ, தங்கக் கோடு, நிறச் சித்திரம் உள்ளவற்றில் விரலை ஓட்டிப் பாருங்கள். சித்திரம் லேசாகப் புடைத்திருந்தால் அது பூச்சின்மேல் வரைந்தது. அந்தக் காலத்து நிறங்களில் ஈயமும் கட்மியமும் இருக்கக்கூடும். பாத்திரத்திலிருந்து ஈயம் கசிகிறதா என்று பார்க்க ஆய்வுகூடத்தில் செய்வதே 4% அசற்றிக் அமிலத்தை 24 மணிநேரம் ஊற்றிவைப்பதுதான். வினாகிரியும் அதே அமிலம், ஏறக்குறைய அதே செறிவு. நாமாகவே வீட்டில் அந்தச் சோதனையை நடத்திவிட்டு அதில் சோறு தின்ன வேண்டியதில்லை. தங்கக் கரையுள்ள பீங்கானில் சோடாவும் கரையிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான். அந்தத் தங்கம் மயிரிழையிலும் மெல்லியது, இரண்டு தேய்ப்பில் போய்விடும்.

பற்பசை

பற்பசைக்குள் இருப்பது நுண்ணிய சிலிக்காவோ சுண்ணாம்புப் பொடியோதான். பல்லை மினுக்குவது பீங்கானையும் மினுக்கும். சோடாவைவிடக் கூர்மை, ஆகையால் பலன் விரைவாகத் தெரியும். ஆபத்தும் அங்கேதான். “கோடு போயிட்டு” என்ற சந்தோஷத்தில் மாதம் ஒருமுறை இதையே பிடித்தால், நாளடைவில் பீங்கானின் நடுப்பகுதி பளபளப்பு மங்கும். மங்கிய பூச்சு இன்னும் சொரசொரப்பானது, இன்னும் கூடுதலாகக் கரண்டியைச் சுரண்டும். கோடு கூடும், தேய்ப்பும் கூடும்.

சோடாவுக்கும் புளிக்கும் அசையாமல் நின்ற ஒன்றிரண்டு கோட்டுக்கு மட்டும் பயறளவு பற்பசை, ஈரத்துணி, அரை நிமிடம். வெள்ளைப் பசையாக இருக்க வேண்டும்; கண்ணாடிபோலத் தெரியும் ஜெல் வகை இதற்குச் சரிவராது. பல்லை வெளுக்க என்று விற்பதும் கரி கலந்ததும் சுரண்டல் கூடியவை, தவிர்த்துவிடுங்கள். கழுவியபின் மணந்து பாருங்கள். கராம்பு, புதினா வாசம் கோப்பையில் ஒட்டிக்கொண்டால் இரண்டு நாளைக்குத் தேத்தண்ணியில் அது வரும்.

சாம்பல்: இரண்டு வகை, இரண்டு தீர்ப்பு

விறகடுப்புச் சாம்பல் நல்ல பொருள். அதிலுள்ள பொட்டாசியம் கார்பனேற் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிக் கழற்றிவிடும். துணியில் அரித்தெடுத்த சாம்பலைத் தும்பில் தொட்டுச் சில்வர்ச் சட்டியின் அடியைத் தேய்க்கலாம். ஆனால் அது பிசுக்குக்கு மருந்து, உலோகக் கோட்டுக்கு அல்ல.

உமிச்சாம்பல் அப்படியல்ல. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் இது இலவசமாகக் கிடைக்கும், பல்விளக்கவும் பாத்திரம் விளக்கவும் கைகொடுத்த பொருள் என்ற மரியாதையும் அதற்கு உண்டு. பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அது சிலிக்கா. மென்மையாக எரிந்த சாம்பலே பூச்சுக்குச் சமமாக நிற்கும். ஆலையின் உலைக்குள் கடும் சூட்டில் எரிந்ததில் சிலிக்கா பளிங்குபோல இறுகி, பூச்சைவிடக் கடினமாகிவிடும். அலுமினியச் சட்டியின் கரியடிக்கு அது வேலை செய்யும். வெள்ளைப் பீங்கானுக்குக் கொண்டு வராதீர்கள். பளபளப்புப் போன இடம் திரும்பாது. செங்கல் தூளுக்கும் கடற்கரை மணலுக்கும் இதே தீர்ப்பு.

பீங்கான் என்று சொல்லும் மற்றவை

எங்கள் பேச்சில் சோறு தின்னும் எதுவும் பீங்கான்தான், மெலமைனாக இருந்தாலும் சில்வராக இருந்தாலும். ஆனால் மேலே சொன்னவை கண்ணாடிப் பூச்சுள்ளவற்றுக்கு மட்டும்.

மெலமைனில் விழுவது உண்மையான கீறல். அது பிளாஸ்டிக், கரண்டி அதை வெட்டும். சோடாவை மெதுவாகப் பிடித்தால் கீறலுக்குள் இறங்கிய அழுக்கு கொஞ்சம் போகும், அவ்வளவே. பற்பசையும் பச்சை நாரும் இன்னும் மங்கச் செய்யும். மஞ்சள் கறைக்குத் தேய்ப்பே தேவையில்லை: கழுவி, ஈரத்தோடு வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதைந்துபோகும். நம் ஊர் வெயில் ஒன்றிரண்டு நாளில் பாதியை எடுத்துவிடும். கொதிக்கும் வினாகிரித் தண்ணீரில் மெலமைனைப் போட வேண்டாம். சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதிலிருந்து மெலமினும் போமல்டிஹைட்டும் கசியும். பளபளப்பு முழுதும் போய், விரலுக்குச் சொரசொரப்பாகிவிட்டால் சூட்டுக்கறி, ரசம் வைப்பதை நிறுத்திவிட வேண்டும்.

கண்ணாடிக் கிளாஸ் மங்கலாக இருந்தால் அது கீறலாக இல்லாமல் கிணற்றுத்தண்ணீரின் சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். இங்கேதான் வினாகிரி முதல்வன். வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சம அளவு, 20 நிமிடம் ஊறவிட்டு மென்துணியால் துடையுங்கள். தெளிந்தால் படிவு. தெளியாமல் வெண்மூடுபனிபோல நின்றால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது, திரும்பாது. மட்டக்களப்புப் பக்கத்தில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரோ, அம்பாறைப் பக்கத்தில் கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணீரோ குழாயில் வரும் வீடுகளில், கிணற்றில் கழுவினாலும் கடைசி அலசலைக் குழாய்த்தண்ணீரில் செய்து உடனே துடைத்தால் அந்தப் படிவு குறையும். கண்ணாடியில் நகம் தடக்கும் கீறலைப் பற்பசை போக்கும் என்பது வெறும் பேச்சு. அதற்குச் சீரியம் ஒக்சைட் என்ற தொழிற்பொடியும் மினுக்கும் சக்கரமும் வேண்டும். தேங்காயெண்ணெய் தடவினால் கீறல் மறையும். அடுத்த முறை கழுவும்வரை.

சில்வர்ப் பீங்கானில் கீறல் வேண்டாமென்றால் ஏற்கெனவே உள்ள தேய்ப்புக் கோடுகளின் திசையிலேயே சோடாவைத் தேயுங்கள், வட்டமாகத் தேய்த்தால் கண்ணுக்கு எடுக்கும். வானவில் நிறமும் வெள்ளைப் புள்ளியும் வினாகிரிக்குப் போகும். அலுமினியத்துக்குச் சோடாவைக் கொண்டு போகாதீர்கள், காரம் பட்டால் கறுக்கும், அதற்குப் புளி.

எனாமல் பூச்சுள்ள சஹனும் (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு) கோப்பையும் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. எனாமலும் கண்ணாடிப் பூச்சுத்தான், சோடா ஏற்கும். ஆனால் பூச்சு உதிர்ந்து இரும்பு தெரிந்த இடத்தில் சோறு படக்கூடாது, துருவோடு பூச்சுச் சில்லும் வரும்.

எதைப் பூசினாலும் ஒரு விதி: வினாகிரியோ புளியோ இருந்த சிங்கில் குளோரின் கலந்த வெளுப்பான் ஊற்றாதீர்கள். கிளம்பும் வாயு நெஞ்சை அடைக்கும்.

திரும்ப விழாமல்

பீங்கானைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வட்டமாக ஒரு வளையம், அதற்குப் பூச்சு இல்லை, விரலுக்கு உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். அடுக்கும்போது அந்த வளையம் கீழேயுள்ள பீங்கானின் நடுவில் குந்துகிறது. இழுத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிறைக் கீறல். அதுவும் கிணற்றடியில் கழுவி மணலில் கவிழ்த்து வைத்த பீங்கான் என்றால் வளையத்தில் மணலும் ஒட்டியிருக்கும். படிவு அல்லாத உண்மையான கீறல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. கவிழ்ப்பதைப் பலகையிலோ தட்டுக்கூடையிலோ செய்யுங்கள். அடுக்குமுன் வளையத்தை ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். இரண்டுக்கு நடுவே ஒரு பழைய பத்திரிகைத் தாளை மடித்து வையுங்கள். எடுக்கும்போது இழுக்காமல் தூக்குங்கள்.

வளையம் மிகவும் சொரசொரப்பாக இருந்தால், நீர்த்தாள் என்று இரும்புக்கடையில் கிடைக்கும் 400 இலக்க உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வளையத்தின்மேல் மட்டும் பத்துப் பதினைந்து சுற்று ஓட்டிவிடலாம். தாள் பூச்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வளையத்தை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை சுழற்றுங்கள். தோலை இழுக்காவிட்டால் கீழேயுள்ள பீங்கானையும் இழுக்காது.